ஒரு காதில் மட்டும் பாட்டு: வீட்டு ரெக்கார்டிங் கோளாறுகளை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

குமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் எங்கள் பழைய ஓட்டு வீட்டு மச்சில் ஒரு மேசை, ஒரு லேப்டாப், இரண்டு மைக்கைச் செருகி லேப்டாப்போடு இணைக்கும் ஒரு இன்டர்ஃபேஸ் பெட்டி. என் 'ஸ்டுடியோ' அவ்வளவுதான். ஆனாலும் கோயில் பாடகர் குழுப் பிள்ளைகள், வில்லுப்பாட்டுக்காரர்கள், யூடியூபில் கதை வாசிக்கிற ஒரு டீச்சர் என்று யாராவது பென்டிரைவை நீட்டி, "அண்ணே, இதுல என்னமோ கோளாறாக்கும், கொஞ்சம் கேட்டுப் பாருங்க" என்பார்கள். கேட்டால், திரும்பத் திரும்ப அதே ஏழெட்டுக் கோளாறுகள்தான்.

வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைச் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். சத்தம் சரியில்லை என்றதும் மென்பொருளைத் திறந்து, இருக்கிற எஃபெக்டை எல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருப்பார்கள். பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கடைமடை வயலுக்குக் கலங்கலாக வந்தால் நாம் வயலில் நின்று துணி கட்டி வடிகட்டுவோமா? கால்வாய்க் கரையோடு மேலே நடந்துபோய், எங்கே கலங்குகிறது என்று பார்ப்போம். ஒலிக்கும் அதேதான். வாய், அறை, மைக், ஒயர், பெட்டியின் கெயின் குமிழ், கம்ப்யூட்டர், டிராக், பான், ஃபேடர், கடைசியில் ஹெட்போன். இதுதான் தண்ணீர் வரும் வழி. ஹெட்போன் கடைமடை. கோளாறு எந்த மடையில் நுழைந்தது என்று கண்டுபிடிக்கும்வரை எதையும் திருகாதீர்கள்.

கெயினையும் ஃபேடரையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. கெயின் குமிழ் பெட்டியில் இருக்கிறது. மைக்கிலிருந்து வரும் மிகச் சின்ன மின்சாரத்தை எவ்வளவு பெருக்கி உள்ளே விடுவது என்பது அதன் வேலை. ஃபேடர் மென்பொருளில் இருக்கிறது. ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டதை எவ்வளவு சத்தமாகக் கேட்பது என்பது அதன் வேலை. பான் குமிழ் அதை இடது காதுக்கும் வலது காதுக்கும் எப்படிப் பங்கு வைப்பது என்று சொல்கிறது. இனி அறிகுறிகளுக்குப் போவோம்.

சத்தம் ஒரு காதில் மட்டும் வருகிறது

அதிகம் வருவது இதுதான், அதிகம் பயமுறுத்துவதும் இதுதான். பெட்டி போய்விட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனவர்களும் உண்டு.

முதலில் கடைமடையிலிருந்து தொடங்குங்கள், அது சுலபம். அதே ஹெட்போனில், அதே கம்ப்யூட்டரில், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பழைய பாட்டை ஓடவிடுங்கள். அதுவும் ஒரு காதில்தான் வருகிறது என்றால் உங்கள் ரெக்கார்டிங்குக்குச் சம்பந்தமில்லை. ஹெட்போன் பின்னை அழுத்திச் செருகுங்கள். பெரிய துளைக்கான அடாப்டர் போட்டிருந்தால் அது முழுவதும் உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். போனில் கேட்கிறீர்கள் என்றால் அமைப்புகளில் 'அணுகல்தன்மை' பகுதிக்குள் இடது-வலது சமநிலைக்கு ஒரு நழுவு குமிழ் இருக்கும். வீட்டுக் குழந்தைகள் அதை ஒரு ஓரத்துக்குத் தள்ளி வைத்திருப்பார்கள். இரணியலிலிருந்து வந்த ஒரு தம்பி இதற்காக இரண்டு ஹெட்போன் வாங்கி முடித்திருந்தார்.

பழைய பாட்டு இரண்டு காதிலும் வருகிறது, உங்கள் குரல் மட்டும் இடது காதில் என்றால், அநேகமாக நீங்கள் ஒற்றை மைக்கை ஸ்டீரியோ டிராக்கில், அதாவது இடது, வலது என்று இரண்டு பாதை உள்ள டிராக்கில் பதிந்திருக்கிறீர்கள். பெட்டியின் முதல் துளை இடது, இரண்டாம் துளை வலது என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். முதல் துளையில் மட்டும் மைக் இருந்தால் இடது பக்கம் குரல், வலது பக்கம் வெறும் அமைதி. டிராக்கைப் பார்த்தாலே தெரியும்: மேலே அலை, கீழே நேர்கோடு.

இதற்குப் பான் குமிழைத் திருகிப் பயனில்லை. ஸ்டீரியோ டிராக்கில் பல மென்பொருள்களில் அந்தக் குமிழ் ஒரு பக்கத்தைக் குறைக்கத்தான் செய்யும். இடது பக்கம் இருப்பதை வலது பக்கத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டாது. பதியும் முன்னால் டிராக்கை மோனோ (ஒற்றைப் பாதை) ஆக்கி, உள்வாயில் 'இன்புட் 1' மட்டும் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே பதிந்தாயிற்று என்றால் ஆடாசிட்டி மென்பொருளில் டிராக் பெயரைச் சொடுக்கினால் வரும் பட்டியலில் 'ஸ்பிளிட் ஸ்டீரியோ டு மோனோ' இருக்கும். பிரித்து, வெறுமையான பாதியை அழித்துவிட்டால் குரல் நடுவே வந்து உட்காரும். 'மிக்ஸ் ஸ்டீரியோ டவுன் டு மோனோ' என்று மேலே 'டிராக்ஸ்' மெனுவில் இன்னொன்று ஆசை காட்டும். அது குரலையும் வெறுமையையும் சேர்த்துச் சராசரி எடுக்கும், சத்தம் 6 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) இறங்கிப்போகும்.

பாடும்போது மட்டும் ஒரு காதில் கேட்கிறது, பதிந்ததைப் போட்டுக் கேட்டால் நன்றாக இருக்கிறது என்றால், பெட்டியில் நேரடிக் கேட்புக்கு இருக்கும் 'டைரக்ட் மானிட்டர்' சுவிட்சு ஸ்டீரியோவில் இருக்கிறது. மோனோவுக்கு மாற்றுங்கள். அந்த வசதி பெட்டியில் இல்லை என்றால் விடுங்கள், ரெக்கார்டிங்குக்கு ஒன்றும் ஆகாது.

குரல் உடைகிறது, உச்சத்தில் கரகரக்கிறது

இந்த ஒரு கோளாறைப் பற்றி நான் கொஞ்சம் கூடுதலாகப் பேசுவேன், ஏனென்றால் பட்டவன். சில வருடம் முன்னால் ஒரு பாடகர் குழுவின் கிறிஸ்துமஸ் பாட்டைப் பதியப் போனேன். ஒத்திகையில் பிள்ளைகள் வெட்கப்பட்டு மெல்லப் பாடினார்கள். அதைக் கேட்டு கெயினை ஏற்றி வைத்துவிட்டேன். உண்மையில் பதியும்போது பாஸ்டர் வந்து முன்னால் உட்கார்ந்தார். பிள்ளைகள் தொண்டையைத் திறந்தார்கள் பாருங்கள்! வீட்டுக்கு வந்து கேட்டால் பல்லவி அருமை, ஒவ்வொரு சரணத்தின் உச்சியும் கிழிந்த பறை. மறுபடி எல்லோரையும் கூட்ட முடியவில்லை.

டிஜிட்டல் மீட்டரில் உச்சி 0. அதற்கு மேல் எண்ணே கிடையாது. அலை அதைத் தாண்டினால் தலை வெட்டப்பட்டுத் தட்டையாகிவிடும். மென்பொருளில் அலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். மலை முகடு போல் இருக்க வேண்டியது மேசை போல் இருந்தால் அதுதான். ஒரு சோதனை: ஃபேடரைப் பாதிக்கு இறக்கிக் கேளுங்கள். கரகரப்பு போய்விட்டால் அது கேட்கும் பக்கத்துக் கோளாறு, ரெக்கார்டிங் பிழைத்தது. சத்தம் குறைந்தும் கரகரப்பு அப்படியே இருந்தால் பெட்டியின் வாயிலேயே வெட்டுப்பட்டுவிட்டது. வெட்டுப்பட்ட தலையை ஒட்டுவதற்கு என்று கருவிகள் உண்டு. ஓரிரு இடத்துக்குச் சமாளிக்கும், ஒரு பாட்டு முழுக்கத் தாங்காது. மறுபடி பாடுங்கள்.

கெயின் வைக்கும் முறை: "ஹலோ ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று சொல்ல வைத்து ஒருநாளும் கெயின் வைக்காதீர்கள். அந்தக் குரலுக்கும் பாடுகிற குரலுக்கும் சம்பந்தமே இராது. பாட்டில் எந்த வரி உச்சஸ்தாயிக்குப் போகிறதோ அந்த வரியை, எழுந்து நின்று, மனம்விட்டுப் பாடச் சொல்லுங்கள். அப்போது மீட்டரின் உச்சித் துள்ளல் மைனஸ் 12 டெசிபலுக்கும் மைனஸ் 6-க்கும் இடையில் நிற்க வேண்டும். சாதாரணமாகப் பாடும்போது சராசரி மைனஸ் 18 பக்கம் ஓடிக்கொண்டிருந்தால் போதும். வில்லுப்பாட்டு என்றால் நான் மைனஸ் 12-ஐத் தாண்டவே விடமாட்டேன். வீசுகோல் படும்போது வில்லில் கட்டிய மணிகளும், உடுக்கையும் சடாரென்று எகிறும். கதை சூடுபிடித்தால் அண்ணாவி (குழுவின் தலைமைப் பாடகர்) என்ன செய்வார் என்று அவருக்கே தெரியாது.

"இவ்வளவு குறைவாகப் பதிந்தால் தரம் போய்விடாதா?" என்று கேட்பார்கள். அது கேசட் காலத்துப் பயம். டேப்புக்கென்று ஒரு 'ஸ்ஸ்' உண்டு, அதை மூடவே சத்தமாகப் பதிவார்கள். இப்போது உங்கள் பெட்டி 24 பிட்டில் பதியும். 16 பிட்டுக்கே மெல்லிய சத்தத்திலிருந்து உச்சிவரை கணக்குப்படி 96 டெசிபல் இடம். 24 பிட்டுக்கு 144. நடைமுறையில் பெட்டியும் மைக்கும் அவ்வளவு தராது என்றாலும், மேலே பன்னிரண்டு டெசிபலைக் காலியாக விட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. மென்பொருள் 16 பிட்டில் நிற்கிறதா என்று அமைப்புகளில் ஒருமுறை பார்த்து 24 ஆக்கிவிடுங்கள்.

எல்லா இடத்திலும் இல்லாமல் 'ப' வரும் இடத்தில் மட்டும் 'டும்' என்று அடித்தால் அது வேறு. "பிதாவே", "பரலோகம்" என்று தொடங்குகிற பாட்டுகளில் இது நிச்சயம் வரும். வாயிலிருந்து வரும் காற்று மைக்கை நேராக அறைகிறது. பூத்தையல் வளையத்தில் பழைய நைலான் காலுறையை இழுத்துக் கட்டி, மைக்குக்கு நாலு விரல் முன்னால் நிறுத்தினால் பாப் ஃபில்டர் தயார். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கொஞ்சம் சாய்த்து, காற்று பக்கவாட்டில் போகும்படி வைத்தால் அதுகூட வேண்டாம்.

குரல் மெலிவாக இருக்கிறது, ஏற்றினால் இரைச்சலும் கூடவே ஏறுகிறது

மேல்மடையில் தண்ணீர் குறைவு. கடைமடையில் மோட்டார் போட்டு உறிஞ்சினால் சேறுதான் வரும். மென்பொருளில் நார்மலைஸ் செய்வதும், அதாவது பதிந்ததை மொத்தமாகச் சத்தம் ஏற்றுவதும் அதே மாதிரிதான், குரலோடு ஃபேன் சத்தமும் ஏறும்.

முதலில் தூரம். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும், அறையின் இரைச்சல் அப்படியே இருக்கும். எந்தக் கருவியும் தராத லாபம் இது, காசும் இல்லை. என் அளவு: மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் கண்டென்சர் மைக் என்றால் ஒரு சாண், கையில் பிடித்துப் பாடும் வகை டைனமிக் மைக் என்றால் நாலு விரல். அதைவிட நெருங்கினால், முன்பக்கச் சத்தத்தையே அதிகம் வாங்கும் கார்டியாய்டு வகை மைக்குகளில் அடிக்குரல் வீங்கும். சிலருக்கு அந்தக் கனம் பிடிக்கும், கதை சொல்கிறவர்களுக்கு ஓரளவு பொருந்தவும் செய்யும். பாட்டுக்கு மந்தமாகிவிடும்.

அடுத்தது, மைக்கின் எந்தப் பக்கம் பாடுகிறீர்கள்? தடித்த கண்டென்சர் மைக்குகள் பலவற்றில் நுனியைப் பார்த்துப் பாடக்கூடாது. பக்கவாட்டில், கம்பெனி முத்திரை இருக்கும் முகத்தைப் பார்த்துப் பாட வேண்டும். நுனியிலோ முதுகிலோ பாடினால் குரல் பக்கத்து அறையிலிருந்து வருகிற மாதிரி இருக்கும். மைக் 'டல்' என்று விற்கக் கிளம்பிய ஒருவரிடம் மைக்கைத் திருப்பி வைத்துக் கொடுத்தேன். விற்கவில்லை.

ஒன்றுமே வரவில்லை என்றால் 48 வோல்ட் பொத்தான். எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் உள்ள மைக் ஒயர்) ஒயரில் வேலை செய்யும் கண்டென்சர் மைக்குக்கு ஒயர் வழியாகவே மின்சாரம் போக வேண்டும், அதற்குத்தான் அந்தப் பொத்தான். போடுமுன் ஹெட்போன் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், 'டம்' என்று காதில் அறையும். டைனமிக் மைக்குக்கு இது தேவையில்லை. ஆனால் அதற்குக் கெயின் அதிகம் வேண்டும், குமிழை முக்கால்வாசிக்கு மேல் திருப்ப வேண்டி வந்தால் பயப்படாதீர்கள்.

இரைச்சல் அறையிலிருந்து வருகிறதென்றால், ஃபேனை நிறுத்துங்கள் என்றுதான் சொல்வேன், மே மாதத்திலும். முடியாத இடத்தில் மைக்கின் முதுகை இரைச்சல் வரும் திசைக்குக் காட்டுங்கள். கார்டியாய்டு மைக் முன்னால் கேட்கும் அளவுக்குப் பின்னால் கேட்காது. புது வீடுகளில் வழுவழுப்பான தரை, வெறுஞ்சுவர், கண்ணாடி ஜன்னல், எதிரொலி ஊர் முழுக்கக் கேட்கும். துணி அலமாரியைத் திறந்துவைத்து அதைப் பார்த்துப் பாடுங்கள், முதுகுப்பக்கம் ஒரு கயிறு கட்டி மெத்தை விரிப்பையும் இரண்டு சாரத்தையும் (லுங்கி) தொங்கவிடுங்கள். ஓட்டு வீடும் மரத்தட்டு மச்சும் இதில் கொடுத்து வைத்தவை, மழை வரும்வரை. ஆனி, ஆடியில் ஓட்டின்மேல் சாரல் பிடித்துவிட்டால் நான் மைக்கை மூடி வைத்துவிட்டு மிக்ஸிங் வேலை பார்ப்பேன்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வரி: வெளியில் பதிந்தால் ரோமம் வைத்த காற்றுறை இல்லாமல் பதியாதீர்கள். காற்றாலை நட்டு வைக்கிற அளவுக்குக் காற்று வருகிற இடத்தில், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடிச்சத்தத்தை மென்பொருளில் வெட்டுவது மட்டும் உதவாது.

'உம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம்

நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அது எங்காவது ஒலிக்குள் கசிந்தால் இந்த அடிக்குரல் ரீங்காரம் வரும். பாடாமல் பத்து வினாடி பதிந்து, ஒவ்வொன்றாகக் கழற்றிக் கேளுங்கள். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டுங்கள். பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். அப்படி என்றால் பதியும் நேரம் மட்டும் பேட்டரி, தீர்ந்தது. நிற்கவில்லை என்றால் மைக் ஒயரும் கரண்ட் ஒயரும் ஒட்டி ஓடுகின்றனவா, ஃபேன் ரெகுலேட்டர், ட்யூப் லைட் சோக் பக்கத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்ததும் ரீங்காரம் சிடுசிடுப்பாக மாறினால், சதுர அலை தரும் மலிவு இன்வெர்ட்டர் அது. கரண்ட் வரும்வரை காப்பி குடியுங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். எர்த் பின்னை உடைத்தால் ரீங்காரம் நிற்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தப் பின் உயிருக்காக இருக்கிறது. மைக்கில் உதடு பட்டதும் சுரீர் என்றால் அன்றைக்குப் பதிவு முடிந்தது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மழை மாதங்களில் 'பட்... பட்...' என்று வெடிப்பு

குளச்சல், முட்டம், மணக்குடி என்று கடலோரத்தில் இருப்பவர்கள் இதை என்னைவிட நன்றாக அறிவார்கள். நமக்கு இரண்டு மழைக்காலம். தென்மேற்கு முடிந்து மூச்சு விடுமுன் வடகிழக்கு வந்துவிடும். கண்டென்சர் மைக்கின் உள்ளே மெல்லிய தகடு ஒன்று மின்னேற்றத்தோடு நிற்கிறது. அதில் ஈரம் படிந்தால் மின்னேற்றம் விட்டுவிட்டுக் கசியும். அந்தக் கசிவுதான் நமக்கு 'பட்'.

ஒயரை மாற்றிப் பாருங்கள். வெடிப்பு நின்றால் ஒயரின் பற்றவைப்பு விட்டிருக்கிறது. நிற்கவில்லை என்றால் மைக்கை மூடி இறுகிய ஒரு ஸ்டீல் சம்படத்தில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இரண்டு நாள் வையுங்கள். வெயிலில் காய வைக்காதீர்கள், அரிசிக்குள் புதைக்காதீர்கள், தவிட்டுத் தூசி உள்ளே போனால் ஈரத்தைவிடக் கேடு. மழைக்காலம் முழுக்க மைக் மேசைமேல் நிற்கக்கூடாது, சம்படத்தில்தான் தூங்க வேண்டும். கடலோரத்தில் முதல் மைக் வாங்குகிறவர் என்னிடம் கேட்டால் டைனமிக் மைக் வாங்கச் சொல்வேன். உப்புக்காற்றை அது ஓரளவு பொறுத்துக்கொள்ளும்.

சத்தம் தானாக ஏறி இறங்குகிறது, ஜால்ரா வந்தால் குரல் அமுங்குகிறது

போனில் அல்லது லேப்டாப்பின் உள் மைக்கில் பதிகிறவர்களுக்கு வருவது. பேச்சுக்காக வைத்த தானியங்கிக் கெயினும் இரைச்சல் குறைப்பும் உங்களைக் கேட்காமல் வேலை செய்கின்றன. நீங்கள் "ம்ம்..." என்று இழுத்தால் அதை ஃபேன் சத்தம் என்று நினைத்து அழித்துவிடும். ரெக்கார்டிங் செயலியில் அவற்றை நிறுத்தும் தேர்வு இருக்கிறதா பாருங்கள். விண்டோஸில் மைக்கின் பண்புகளில் 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்பதை அணையுங்கள். 'மைக்ரோஃபோன் பூஸ்ட்' என்று ஒன்று 20, 30 டெசிபலில் ஏறி உட்கார்ந்திருந்தால் அதை இறக்குங்கள். உடைகிற குரலுக்கும் இரைச்சலுக்கும் அதுவே காரணமாக இருப்பதுண்டு.

எல்லாம் நடுவே குவிந்து, எதுவும் தெளிவாகக் கேட்கவில்லை

இப்போதுதான் பான். அளவு சரியாகும்வரை பான் குமிழைத் தொடாதீர்கள் என்று நான் நச்சரிப்பதற்குக் காரணம் இருக்கிறது: ஒரு கருவி அமுங்கிக் கேட்கிறது என்று அதை ஓரத்துக்குத் தள்ளினால் ஹெட்போனில் உடனே தெளிவாகிவிடும். ஆனால் அது ஏமாற்று. உண்மையில் அது சத்தம் குறைவாக இருந்தது, நீங்கள் அதை ஒளித்துவைத்துவிட்டீர்கள். எல்லாப் பானையும் நடுவில் வைத்து, முதலில் ஃபேடர்களால் மட்டும் சமன் செய்யுங்கள். நடுவிலேயே ஒவ்வொன்றும் ஓரளவு கேட்டால் அதன்பிறகு விரியுங்கள்.

எப்படி விரிப்பது என்பதற்கு நம்மூர்க்காரர்கள் எங்கும் போய்ப் படிக்க வேண்டியதில்லை. ஆலன் பிளம்லைன் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1931-ல்தான் ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். நம் வில்லுக்காரர்கள் அதற்கு எவ்வளவோ முன்னால் மேடையை 'வலத்தே', 'இடத்தே' என்று பிரித்துவிட்டார்கள். அண்ணாவி கதையை எடுக்க, வலத்தே பாடுகிறவர் ஒரு பக்கம், இடத்தே பாடுகிறவர் மறுபக்கம் ஏந்திப் பிடிப்பார். கோயில் கொடையில் (திருவிழாவில்) பந்தல் முன் உட்கார்ந்து கேட்டவர்களுக்குக் கண்ணை மூடினாலும் யார் எந்தப் பக்கம் என்று தெரியும்.

அதை அப்படியே வரைந்துகொள்ளுங்கள். அண்ணாவியின் குரல் நடுவே. குடமும் நடுவே, ஏனென்றால் அடிக்குரல் ஓரத்துக்குப் போனால் பாட்டு ஒருபக்கம் சரிந்த வண்டி மாதிரி ஓடும். வில்லின் மணி நடுவிலிருந்து கொஞ்சம் விலகி. முழு ஓரம் 100 என்றால், உடுக்கை ஒரு பக்கம் 30, 40 அளவில், அதற்கு எதிர்ப்பக்கம் அதே அளவில் ஜால்ராவும் கட்டையும். இரண்டும் கணீர் என்று மேல்சத்தம் தருபவை. ஒரே பக்கம் வைத்தால் அந்தக் காது வலிக்கும். பின்பாட்டு இரண்டு பக்கமும். முழுக்க ஓரமாக, 100-க்கு எதையும் நான் வைப்பதில்லை; ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

ஒரு சந்தேகம் எப்போதும் வரும். பாடுகிறவருடைய வலமா, பார்க்கிறவருடைய வலமா? எதிரெதிராக உட்கார்ந்திருக்கிறார்களே! நான் பார்க்கிறவர் பக்கம்தான். வீடியோவும் சேர்ந்து போகிறதென்றால் இதில் வாதமே இல்லை, உடுக்கைக்காரர் திரையில் எந்தப் பக்கமோ சத்தமும் அந்தப் பக்கம். ஒரு தம்பி ஹெட்போனை மாற்றி மாட்டிக்கொண்டு இரண்டு நாள் மிக்ஸ் பண்ணியிருந்தார். "மக்கா, எல், ஆர்னு எழுதியிருக்கது சும்மா அழகுக்கா?" என்று கேட்டதற்கு இன்னும் என்மேல் வருத்தம்.

பின்பாட்டு விரியவில்லை என்று இன்னொரு புகார். ஒரே டிராக்கை நகல் எடுத்து ஒன்றை இடத்திலும் ஒன்றை வலத்திலும் வைத்திருப்பார்கள். இரண்டு காதிலும் அச்சு அசலாக ஒன்றே வந்தால் மூளைக்கு அது நடுவே நிற்கும் ஒரே ஆள்தான். சத்தம் மட்டும் கூடும். இரண்டு முறை பாட வையுங்கள். அதே ஆள், அதே வரி, ஆனால் மூச்சும் இழுப்பும் மயிரிழை மாறும். அந்த மயிரிழையில்தான் அகலம் இருக்கிறது.

ஓரத்துக்கு நகர்த்தியதும் சத்தத்தின் அளவே மாறின மாதிரி இருந்தால் அது பிரமை என்று நினைக்க வேண்டாம். நடுவில் இருக்கும்போது இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து ஒலிப்பதால், பல மென்பொருள்கள் நடுவில் 3 டெசிபலோ அதற்குமேலோ குறைத்து வைக்கும். பான் நகர்த்திய பிறகு ஃபேடரை ஒருமுறை தொட்டுச் சரிசெய்யுங்கள்.

இரண்டு மைக் வைத்தால் ஒன்றைவிட மோசமாக, தகர டப்பா மாதிரி இருக்கிறது

ஒலி ஒரு மில்லி செகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர்தான் போகும். ஒரே குரல் ஒரு மைக்கை முதலிலும் இன்னொன்றைக் கொஞ்சம் தாமதமாகவும் எட்டினால், சேர்க்கும்போது ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழுந்து சில சுரங்கள் காணாமல் போகும். இதற்குப் பழைய ஒரு கணக்கு உண்டு: வாயிலிருந்து மைக் ஒரு சாண் என்றால், மைக்கிலிருந்து அடுத்த ஆளின் மைக் குறைந்தது மூன்று சாண்.

தூரம் சரி, ஆனாலும் குரல் உள்ளீடற்று இருக்கிறது என்றால் ஒயரைச் சந்தேகப்படுங்கள். உள்ளூரில் பற்றவைத்து வாங்கும் எக்ஸ்எல்ஆர் ஒயர்களில் இரண்டாம், மூன்றாம் பின்கள் மாறியிருப்பது சகஜம். தனியாகக் கேட்டால் தெரியாது, இன்னொரு மைக்கோடு சேர்ந்தால்தான் காலை வாரும். ஒரு டிராக்கைத் தேர்ந்து 'இன்வெர்ட்' (அலையைத் தலைகீழாக்குவது) செய்து கேளுங்கள். கனம் திரும்பி வந்தால் அந்த ஒயரில் ஒரு சிவப்பு நூலைக் கட்டித் தள்ளி வையுங்கள்.

கீபோர்டுக்காரர்களுக்கு இதன் தம்பி ஒன்று வரும். கீபோர்டின் ஹெட்போன் துளையிலிருந்து ஸ்டீரியோ ஒயரை எடுத்துப் பெட்டியின் ஒற்றைத் துளையில் செருகினால், பெட்டி இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்தைக் கழித்துவிடும். இரண்டிலும் பொதுவாக இருப்பதெல்லாம் மறைந்து எதிரொலி மட்டும் மிஞ்சும். பின்பக்கம் 'எல் மோனோ' என்று எழுதிய துளை இருந்தால் அதிலிருந்து மோனோ ஒயரில் எடுங்கள்.

வீட்டில் அருமை, கொடைப் பந்தலில் போட்டால் உடுக்கையைக் காணோம்

நான் எதையும் முழு ஓரத்துக்குத் தள்ளாததற்குக் காரணம் இது. தென்னையில் கட்டிய குழாய் ஸ்பீக்கருக்கு இடம் வலம் தெரியாது. சவுண்ட் சர்வீஸ்காரர் போனிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு ஒயர் போடுவார்; அதில் பலநேரம் இடது பக்கம் மட்டுமே போகும். நீங்கள் உடுக்கையை வலது கோடியில் உட்கார வைத்திருந்தால் அது ஊருக்குக் கேட்காது. 40 அளவில் வைத்திருந்தால் கொஞ்சம் மெலிந்தாவது கேட்கும்.

இரண்டும் சேர்ந்து மோனோவாகப் போனால் வேறு சங்கடம். அகலப்படுத்துகிறேன் என்று ஒரு பக்கத்தைச் சில மில்லி செகண்ட் தள்ளி வைத்ததும், 'ஸ்டீரியோ வைடனர்' போட்டதும் இங்கே வந்து பழி வாங்கும், பின்பாட்டு பாதி கரைந்துபோகும்.

ஆகவே மிக்ஸ் முடிந்ததும், எல்லா டிராக்கும் வந்து சேரும் மாஸ்டரில் மோனோ பொத்தானை அமுக்கிக் கேளுங்கள். அது இல்லாவிட்டால் போன் அமைப்புகளில் 'மோனோ ஆடியோ'வைப் போட்டு, போன் ஸ்பீக்கரிலேயே ஓடவிட்டு அடுக்களை வரை நடந்து போங்கள். அங்கே நின்று கதை வரி புரிகிறதா, உடுக்கை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பான் 40-ஐ 25 ஆக்கி, ஃபேடரை ஒரு டெசிபல் ஏற்றுங்கள். கொடைக்குத் தனியாக ஒரு மோனோ ஃபைலே எடுத்து, பெயரிலேயே 'பந்தல்' என்று எழுதி பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிடுவது என் வழக்கம். ஹெட்போனில் கேட்பவர்களுக்கு மற்றது.